விரியனுக்காக வாங்கிய பூட்ஸ்

இன்று இரவு எனக்கு விமானம். தான்சானியாவில் வேட்டைக்கு வருகிறவர்களின் முகாமில் சமையல் வேலை. தி. நகரில் வாங்கிய முழங்கால் உயர பூட்ஸை மாட்டிக்கொண்டு மயிலாப்பூரில் ஒரு தெருப் பிள்ளையார் கோயில் வாசலுக்கு வருகிறேன். மற்ற பாம்புகள் காலடிச் சத்தம் கேட்டால் விலகிவிடுமாம்; அந்த ஊர் விரியன் மட்டும் நடக்கிற வழியிலேயே அசையாமல் கிடக்குமாம். அதனால் இப்போதே தரையைப் பார்த்து நடந்து பழகுகிறேன்.

"இன்னா நைனா, எதுனா தொலைச்சிட்டியா?" என்கிறாள் வாசலில் பூ விற்கும் அம்மா.

விஷயத்தைச் சொல்கிறேன்.

"சரி, அத்த கழட்டி வுட்டுட்டு உள்ள போய் கும்புடு."

"யாராவது எடுத்துட்டா? இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன்மா."

"பாம்புக்கும் பயம், திருடனுக்கும் பயம். பேசாம ஊட்லயே கெட."

"எட்டாங்கிளாஸோட நின்னவனுக்கு வேற வேலை எங்கம்மா கெடைக்கும்? போயே தீருவேன்."

அவள் சிரிக்கிறாள். புது வண்டிச் சக்கரத்துக்கு வைப்பதுபோல் ஓர் எலுமிச்சம்பழத்தை என் பூட்ஸுக்கு முன்னால் தரையில் வைக்கிறாள்.

"ரைட், வண்டிய எடு!"

எனக்குப் பயம் போகவில்லை. பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வலது காலைத் தூக்கி நன்றாக அழுத்தி மிதிக்கிறேன்.