செவிடன் மலைப் பனியும் டெல்மிராவின் முறைத் தண்ணீரும்

எங்கள் பள்ளத்தாக்கில் மழை என்பது பேருக்குத்தான். குடிப்பதும் விளைவதும் செவிடன் மலையின் பனி உருகி ஓடையாக வருவதை வைத்துத்தான். ஊர் கூடி எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றினாலும் காதில் போட்டுக்கொள்ளாத மலை. பொருத்தமாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஓடையிலிருந்து பிரியும் வாய்க்காலுக்கு நீர்க்கட்டி டெல்மிரா. யார் மதகை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. குளிர்காலம் முடிந்ததும் மலையேறி, பனியில் குழாயை இறக்கி, உள்ளே வந்ததை நிறுத்துப் பார்த்து, கோடைக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல வேண்டியவளும் அவள்தான். நாக்கு கொஞ்சம் நீளம். ஆனால் மதகு விஷயத்தில் அவளைக் குறை சொன்னவர் இல்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் நிக்கானோர் மட்டும் அவளோடு பேசமாட்டார். ஒரு வறட்சியில் மனுஷன் பிறத்தியார் முறையில் தன் மதகைத் தூக்கிவிட்டார். டெல்மிரா கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். முறை தவறி மதகில் கை வைத்தவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள் பார்க்க வாய்க்காலில் இறங்கிச் சேறு அள்ளணும், அதுதான் இங்கே தண்டனை. அள்ளினார். அன்றிலிருந்து அவள் எதிரே வந்தால் தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொள்வார்.

இந்த வருஷம் ஓடை நூலாக ஓடியது. டெல்மிராவின் ஆப்பிள் கன்றுகளுக்கு வியாழக்கிழமை முறை. அதை விட்டால் அடுத்த முறைவரை கன்றுகள் தாங்காது. முறை வரும்போது மண்வெட்டியோடு மதகடியில் நிற்காதவருக்குத் தண்ணீர் கிடையாது, அது அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். அடுத்த தோட்டம் யாருடையது? நிக்கானோருடையதேதான். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகள் சான் ஹுவான் நகரத்தில் படிக்கிறாள், வீட்டில் வேறு ஆள் இல்லை. புதன்கிழமை திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் கொழுந்தன் ஒலேகாரியோவோடு கோவேறு கழுதைகளுக்குச் சேணம் பூட்டிக்கொண்டு மலையேறினாள்.

ஏறிய சரிவில் பனி நெஞ்சளவு குவிந்து கிடந்தது.

“அண்ணி, இங்கேயே குழாயை இறக்குங்க. ஊருக்கும் நல்ல சேதி, நீங்களும் முறைக்குப் போய்ச் சேர்ந்துடலாம்” என்றான் ஒலேகாரியோ.

“இது காத்து கொண்டாந்து கொட்டின பனிப்பா. மலைக்கு அந்தாண்ட வழிச்சு இந்தாண்ட குவிச்சிருக்கு. எனக்கு முன்னால இருந்த நீர்க்கட்டி இதை அளந்துட்டு வந்து சொன்னதை நம்பித்தானே ஊரே அவரை விதை போட்டுச்சு? போட்டதெல்லாம் கருகிப்போச்சு. என் பழைய ஆப்பிள் மரமும் அதுலதான் போச்சு.”

“அன்னைக்கு ஊரோட கருகினீங்க. இப்ப நீங்க மட்டும் கருகப்போறீங்க.”

அது சுருக்கென்று தைத்தது. நீர்க்கட்டி வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம் என்று வாய்விட்டே சொன்னாள். கண் கலங்கியது. ஆனாலும் கழுதையை மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்துக்குத்தான் திருப்பினாள்.

போய்ச் சேர்வதற்குள் உச்சி புகைய ஆரம்பித்துவிட்டது. காற்று பனியை வாரி இறைத்தால் மலை அப்படித்தான் புகைகிற மாதிரி தெரியும். கல் குடிசைக்குள் ஒதுங்கினார்கள். புதன் போய் வியாழனும் வந்துவிட்டது, காற்று விடுவதாக இல்லை.

“இந்நேரம் நிக்கானோர் மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு சிரிச்சிக்கிட்டே கிளம்பியிருப்பாரு.”

“நான் போகலேன்னா அது அவர் தண்ணிதான். வாயை மூடிக்கிட்டு மாத்தேயை ஊத்து” என்றாள் டெல்மிரா. கொதிக்கக் கொதிக்க அந்தக் கஷாயத்தைக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை விடியலில் காற்று அடங்கியது. பள்ளத்தில் பனி முழங்கால் அளவுதான். ஆனால் பழைய பனி, இறுகி, நல்ல கனம். மரங்களுக்குப் போதும், அவரைக்குப் போதாது. சாயங்காலம் இறங்கி வந்து வாய்க்காலடியில் கூடியிருந்தவர்களிடம் அதையே சொன்னாள். முகங்கள் தொங்கிப்போயின. ஆனால் விதை மூட்டையை யாரும் பிரிக்கவில்லை.

பிறகுதான் தன் தோட்டத்துக்குப் போனாள், பார்க்கவே மனசில்லாமல். காலை வைத்ததும் சேற்றில் புதைந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு கன்றின் பாத்தியும் ஊறிக் கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கானோரின் குதிரைமசால் தீவனப்பயிர் பாதி வாடி நின்றது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு திராட்சைக்கொடியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“என் மதகைத் தொட்டது யாரு?”

“நான்தான்.”

“நீங்க சும்மா இருந்திருந்தாலே அது உங்க தண்ணியாச்சே.”

“தெரியும். எடுத்தப்பவும் பிடிச்சே, கொடுத்தப்பவும் பிடிச்சிட்டே. உன்கிட்டருந்து மனுஷன் தப்பிக்க முடியாதும்மா.” நிக்கானோர் கொடியை விட்டுத் திரும்பினார். “மலைமேல நீ யாருக்காக நின்னேன்னு எனக்குத் தெரியாதா?”

டெல்மிராவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதாள், மறைக்கவில்லை. “நீங்க நல்லா இருக்கணும்” என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஆனா பிறத்தியார் மதகுல கை வச்சிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை சேறு அள்ளணும்” என்றாள்.

“இதைத்தான் இன்னும் காணோமேன்னு பார்த்தேன்” என்றார் அவர்.

ஊருக்குப் பொறுக்கவில்லை. நன்றி கெட்டவள், உப்பைத் தின்று உப்பிட்டவரையே கடிக்கிறாள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும்போது நிக்கானோர் மண்வெட்டியோடு வந்தார். டெல்மிரா அவருக்கு முன்னாலேயே வாய்க்காலில் இறங்கியிருந்தாள். கோயிலுக்குக் கட்டும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தாள். பூசைக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

“நீ என்ன குத்தம் பண்ணினே?” என்றார் நிக்கானோர்.

“ஒரு குத்தமும் பண்ணல. உங்க பாதியை நான் அள்ளுறேன், அவ்வளவுதான்.”

நிக்கானோர் தொப்பியைக் கழற்றி அவளுடைய மதகுக் கம்பத்தில் மாட்டிவிட்டு, வாய்க்காலில் இறங்கினார்.