வெள்ளைக் காரில் காப்பி நிறம்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் ஓட்டியவள் என் மனைவி. வேலையில் இருந்தவரை அவள்தான் என்னை என் ஆபீசில் இறக்கிவிட்டுத் தன் ஆபீசுக்குப் போவாள். பேரன் பிறந்ததும் டொராண்டோவில் இருக்கும் மகளுக்கு உதவியாக நாங்கள் இருவரும் போனோம். அந்தக் குளிர் என் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் வலியசாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அவள் அடுத்த மாதம் வருகிறேன் என்றாள், ஓணம் கழிந்து என்றாள், பிறகு தேதி சொல்வதை விட்டுவிட்டாள்.

கார் வாசலிலேயே நின்றது. பாட்டரி இறங்காமலிருக்க வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடச் சொல்லியிருந்தாள். அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து சாவியைத் திருப்புவேன். வேட்டியில் அழுக்குப் படக்கூடாதென்று அந்தப் பக்கத்துக் கதவை மட்டும் துடைத்துவிட்டு ஏறுவேன். மற்ற இடமெல்லாம் தெருப்புழுதிதான்.

எதிர்வீட்டில் நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருக்கிறது. அந்த அம்மாள் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறார். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேட்டுக்குப் புது பெயின்ட் அடிக்கச் சொல்லியிருந்தார். வந்தவர்கள் பிரஷ்ஷால் அடிக்காமல் கம்ப்ரசர் வைத்துப் பீய்ச்சினார்கள். நான் அன்று கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது காரின் மேல் முழுக்கக் காப்பிப்பொடி தூவினாற்போல் புள்ளி புள்ளியாக இருந்தது.

அந்த அம்மாள் ஓடி வந்தார். "சார், தப்பா நெனைக்காதீங்கோ. காத்து இந்தப் பக்கம் திரும்பும்னு அவனுவளுக்குத் தெரியல்ல கேட்டேளா. நாளைக்கே வர்க்‌ஷாப்புல கொண்டு விட்டுப் பாலிஷ் போடச் சொல்லுகேன்."

"வேண்டாம்மா, தண்ணி விட்டா போயிடும். உங்க ஆத்துல நல்ல காரியம் நடக்கறது, அதப் பாருங்கோ" என்றேன்.

மறுநாள் காலை வாளியில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கூரையிலும் பானெட்டிலும் இருந்த புள்ளிகள் புழுதியோடு சேர்ந்து வழிந்து போய்விட்டன. பெயின்ட் ஒட்டியது புழுதியில்தான், காரில் இல்லை. ஆனால் நான் துடைத்துத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த அந்த ஒரு கதவில் எதுவும் அசையவில்லை. தடவினால் ரவை போல நெறுநெறுத்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அவள் மேஜையில் விட்டுப்போன நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுக் கதவின் கீழ் ஓரத்தில் தேய்த்தேன். புள்ளி போயிற்று, கூடவே காரின் பளபளப்பும் போய் அந்த இடம் மங்கிவிட்டது. பயந்துபோய் நிறுத்தினேன்.

கரமனைப் பக்கம் கார் சாமான் விற்கும் கடையில் விஷயத்தைச் சொன்னேன். பிசைந்த மைதா போல ஒரு கட்டியைக் கொடுத்தார்கள். கிளே என்று பெயர். நிறைய சோப்புத் தண்ணீர் தெளித்துவிட்டு, கட்டியை உள்ளங்கையளவு தட்டையாக்கி, அழுத்தாமல் வழுக்கிவிட வேண்டும், கீழே விழுந்தால் மண் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைத் தொடவே கூடாது என்றார்கள்.

வெயில் ஏறுமுன் ஒரு சாண் இடம், அவ்வளவுதான் ஒரு நாளைக்கு முடிந்தது. முதலில் கட்டி கரகரவென்று இழுக்கும். போகப் போகச் சத்தம் குறையும். சத்தமே இல்லாமல் வழுக்கினால் அந்த இடம் சுத்தம். கட்டியைத் திருப்பினால் அடியில் காப்பி நிறம் ஏறியிருக்கும். அதை மடித்துப் பிசைந்து வெள்ளைப் பக்கத்தை வெளியே எடுத்து மறுபடி தொடங்குவேன். ஒருநாள் கை வழுக்கிக் கட்டி தெருவில் விழுந்தது. பாதியை வெட்டி எறிந்தேன்.

தெருவில் போகிறவர்கள் "ஓ, வண்டி கழுகறேளா" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பல நாட்களில் நான் நேரில் இன்னொருவரோடு பேசிய பேச்சு அதற்கு ஆமாம் என்று சொன்னது மட்டும்தான்.

கைப்பிடியைச் சுற்றியிருந்த கடைசி இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அங்கே இரவு, குழந்தையைத் தூங்கப் பண்ணிவிட்டு அவள் கூப்பிடும் நேரம்.

"ஏன் இப்படி மூச்சு வாங்கறது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. வண்டிய துடைச்சிண்டிருக்கேன்."

"அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இவ வேலைக்குத் திரும்பிப் போறா. கொழந்தைய யார்கிட்ட விட முடியும்? நான் இப்போதைக்கு வரமுடியும்னு தோணல. வண்டிய குடுத்துடுங்கோ. நின்னு நின்னே வீணாப் போயிடும்."

"நீ வந்தா எப்படிப் போவே?"

"வரச்சே பாத்துக்கலாம்."

சரி என்றேன். கையில் கட்டி இருந்தது. மிச்சமிருந்த இடத்தையும் தேய்த்து முடித்து, மெழுகு பூசித் துடைத்தேன். கதவில் என் முகம் தெரிந்தது.

எதிர்வீட்டு அம்மாள் ஆபீசுக்குக் கிளம்பியவர் நின்று பார்த்து, "புதுசு கணக்கா இருக்கே சார்! மாமி வந்தா அசந்து போவாங்கோ" என்றார். மகளுக்கு நிச்சயமாகிவிட்டதென்றும் சொன்னார். சந்தோஷம் என்றேன்.

நெய்யாற்றின்கரையிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்து காரை விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். இருவரும் நர்ஸ்கள். அந்தப் பெண்தான் ஓட்டினாள். கீழ் ஓரத்தில் மங்கிய இடத்தை நானே காட்டினேன். "அது சாரமில்ல அங்கிள்" என்று அதைப் பெரிதுபடுத்தாமல் சிரித்தாள். ரிவர்ஸ் எடுத்துத் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். மத்தியானத்துக்குள் அந்த இடத்தில் யாரோ ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த நாள் போனில் மனைவியிடம் சொன்னேன்.

"யாரு ஓட்டறா? அந்தப் பொண்ணா?" என்று கேட்டாள். "பின்பக்கத்து எடது டோர இத்தினி தூக்கிச் சாத்தணும். இல்லேன்னா லாக் விழாது. சொன்னேளா?"

"சொல்லலயே."

"சொல்லியிருக்கப்படாதோ" என்றாள். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. "இருங்கோ, முழிச்சுண்டுட்டான்" என்று போனை வைத்தாள்.

திரும்பக் கூப்பிடுவாளென்று கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய் ஓர் ஆளுக்குக் காப்பி கலந்தேன்.