உப்புக் கிணற்றிலிருந்து அரைப் போத்தல்

தொண்ணூற்றிரண்டு பங்குனியில், யாழ்ப்பாணத்தில், உடுவிலிலிருந்து கொழும்புத்துறைக்குச் சைக்கிளில் போனேன். ஏழு மைல் இருக்கும். போர்த்தடையால் பெற்றோல் இல்லாத காலம், பஸ்ஸை நம்ப முடியாது. அங்கே என் அக்காவின் கிணறு உப்பாகிவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு எங்களிடம் வரப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். ஆனால் அத்தான், அதே ஊர் மீனவர் மரியதாஸ் உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்குகிறார், நாங்களும் செய்வோம் என்று நின்றார். எனக்கு அது ஏமாற்று வேலையாகவே பட்டது.

சந்தித் தேநீர்க் கடைக்காரரும் அதையே சொன்னார். "அந்தாள் நல்லூரிலை இருந்து கலனிலை தண்ணி கொண்டு வாறதை நானே கண்டனான்."

மரியதாஸின் முற்றத்தில் தார் பூசிய சீமெந்துத் தொட்டி. அதன்மேல் சரிவாக இரண்டு யன்னல் கண்ணாடிகள், கீழ்விளிம்பில் ஒரு குழாய். அவ்வளவுதான். அவர் மனைவி பிலோமினா கைக்குழந்தையோடு வாசலை மறித்து நின்றார்.

"ஆர் உங்களை அனுப்பினது? கண்ணாடி கேட்டு வந்தனீங்களெண்டால் தரமாட்டம்."

"இல்லை, அக்கா வீட்டுக் கிணறும் உப்பு. பாக்கத்தான் வந்தனான்."

மரியதாஸ் உள்ளே விட்டார். தொட்டித் தண்ணீரை நக்கிப் பார்த்தேன், கரித்தது. வெறும் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்து, நானே குழாயின் கீழ் வைத்துவிட்டு, வேப்பமர நிழலில் கண்ணெடுக்காமல் இருந்தேன். வெயில் ஏற ஏறக் கண்ணாடியின் உட்புறம் வேர்த்தது. துளிகள் வழிந்து சொட்டின. பின்னேரம் அரைப் போத்தல் சேர்ந்தது.

ஒரு மிடறு குடித்தேன். உப்பில்லை, மழைத்தண்ணீர்போலச் சப்பென்றிருந்தது. நம்பாமல் இன்னும் இரண்டு மிடறு குடித்தேன். பிலோமினா போத்தலை வாங்கிக்கொண்டார்.

"அண்ணை, உது பிள்ளைக்குப் பால்மா கரைக்கிற தண்ணி. நாங்கள் குடிக்கிறது உப்புத்தான்."

நல்லூர்க் கலனைப் பற்றிக் கேட்டேன்.

"ஓம், வெயில் இல்லாத மப்பு நாளிலை பிள்ளைக்கு அங்கையிருந்துதான் கொண்டு வாறன். சனம் அதை மட்டும்தான் பாக்குது," என்றார் மரியதாஸ்.

அத்தான் உடைந்த வீடொன்றின் யன்னல்களையெல்லாம் கேட்டு வாங்கி, மரியதாஸுடையதைப்போல நாலு மடங்கு பெரிய இரண்டு தொட்டி கட்டினார். குடிக்க மட்டும் அது காணும், குளிக்கப் போதாது. அக்கா வீட்டைப் பூட்டவில்லை.

இப்படியான தொட்டிகளைப் பார்க்கப் போகிறவர்கள் மழை மப்பில்லாத நாளில், வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். சந்தேகம் இருந்தால் பின்னேரம்வரை இருந்து பாருங்கள். ருசி பார்க்கக் கேட்க வேண்டாம். குடிக்கத் தண்ணீர் உங்கள் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.