இடைவேளை வரை சாரதா

போன சனிக்கிழமை பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஒரு ஹாலில் ஹிந்தி நாடகம் பார்த்தேன். கல்லூரி நாடகம்தான். ஆனாலும் டிக்கெட் போட்டிருந்தார்கள். இடைவேளை மணி அடித்ததும் ஜனங்கள் வடா சாப்பிடப் போனார்கள். கதாநாயகி லோகல் ரயில் பிடிக்கப் போக வேண்டும்.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. நிஜம்.

கதாநாயகி என் பில்டிங். மாட்டுங்காவில் நாங்கள் இரண்டாவது மாடி, அவர்கள் மூன்றாவது. பெயர் சாரதா என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயரைப் போட முடியாது - இந்தப் பத்திரிகைப் பத்தியை எங்கள் பில்டிங்கிலும் படிக்கிறார்கள். தண்ணீர்க் குழாய்ச் சண்டையைப் பற்றி எழுதிவிட்டு நான் பின்பக்கப் படியில் ஏறி இறங்கியது எனக்குத்தான் தெரியும்!

சாரதாவை மேடையில் பார்க்க வேண்டும். நின்றாலே போதும், அந்த இடம் வேறு மாதிரி ஆகிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நாடகம் படிக்க அவளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று டெல்லியில். பம்பாய்க்கு வந்து நடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பொறுக்கி எடுத்தார்கள். ஹாஸ்டல், ஸ்டைபெண்டு எல்லாம் உண்டு. இன்னொன்று இங்கே, கோட்டையில், சாயங்கால வகுப்பு. டிப்ளமா.

டெல்லியா, கோட்டையா?

அவள் அப்பாவைக் கொடுங்கோலர் என்று நினைத்துவிடாதீர்கள். மாமா இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஹெட் கிளார்க். பெண்ணுக்கு நாடகம்தான் பிடிக்கிறது என்றால் அதையே படிக்கட்டும் என்று சொன்னவரே அவர்தான். மாட்டுங்காவில் எத்தனை அப்பாக்கள் அப்படிச் சொல்வார்கள்? ஆனால், ரயில்வே கைடை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு ராத்திரி ஒரு பகல் ஆறதுடா கோபி! இவளுக்கு ஜுரம்னு தந்தி வந்து, நான் கிளம்பிப் போய்ச் சேர்றதுக்குள்ளே அந்த ஜுரமே இறங்கிடும்" என்றார் என்னிடம்.

"இறங்கினா நல்லதுதானேப்பா?" என்றாள் சாரதா.

"வாயைப் பாரு!" என்றாள் மாமி. "பக்கத்திலே இருக்கறதை விட்டுட்டு எதுக்குடி அத்தனை தூரம்? இங்கேயும் அதே நாடகம்தானே சொல்லிக்கொடுக்கப்போறா?"

நியாயமான கேள்விதான். சாரதாவும் அப்படித்தான் நினைத்தாள். "எங்கே படிச்சா என்னடா, மேடை மேடைதானே?" என்று சொல்லி, கிங்ஸ் சர்க்கிளில் எனக்கு மசால் தோசை வாங்கித் தந்தாள். கோட்டையில் சேர்ந்தாள். ஒரே ஒரு நிபந்தனை - எட்டு மணி லோகலைப் பிடித்து வந்துவிட வேண்டும். மாமா மாட்டுங்கா ப்ளாட்பாரத்தில் நிற்பார்.

நாடகங்கள் எத்தனை மணிக்கு முடிகின்றன? பத்துக்கு... பத்தரைக்கு. இதை அன்றைக்கு யாருமே யோசிக்கவில்லை. படிப்பு என்றால் சாயங்காலத்தோடு முடிந்துவிடும் என்றுதானே நாமெல்லாம் நினைக்கிறோம்?

கல்லூரி டைரக்டர் மராட்டிக்காரர், தங்கமான மனிதர். அவர் என்ன செய்வார் பாவம்... முதல் பாதியில் முடிந்துவிடுகிற பாத்திரமாகத் தேடித் தேடிக் கொடுத்தார். முதல் நாடகத்தில் சாரதா காலராவில் போனாள். அடுத்ததில் கிணற்றில் விழுந்தாள். அதற்கடுத்ததில் வேலையை விட்டு விரட்டப்படுகிற ஆயா.

"சாரதா, இந்தத் தடவை எப்படிச் சாகறே?" என்று மாடிப்படியில் எல்லோரும் கேட்போம். அவளும் சிரித்துக்கொண்டே சொல்வாள். "இந்தத் தடவை சாகலை, டிஸ்மிஸ்!"

திரை விழுந்ததும் எல்லா நடிகர்களும் வரிசையாக நின்று கும்பிடுவார்கள் இல்லையா? அந்த வரிசையில் அவள் நின்றதே இல்லை. அவள் மேடையில் செத்துப்போன நேரத்துக்குக் கை தட்ட முடியுமா? கதை ஓடிக்கொண்டிருக்குமே! ஜனங்கள் கை தட்டுகிற நேரத்தில் அவள் வீட்டில் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. படிப்பு முடியப்போகிறது. வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஜாம்ஷெட்பூரில் வேலை. பம்பாயிலிருந்து ஜாம்ஷெட்பூர் டெல்லியைவிட அதிக தூரம். இந்தத் தடவை மாமா ரயில்வே கைடைத் தொடவே இல்லை.

அதனால் கடைசி நாடகத்தில் அவளுக்குக் கதாநாயகி வேஷம் கொடுத்தே தீருவது என்று டைரக்டர் முடிவு பண்ணினார். எப்படி முடியும்? ஒரு யுக்தி செய்தார். கதையில் இடைவேளைக்குப் பிறகு பத்து வருஷம் கழிகிறது. ஆகவே முதல் பாதிக்குச் சாரதா, இரண்டாம் பாதிக்கு நளினி என்று ஒரு மராட்டிப் பெண். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று ஜனங்களுக்குப் புரிய வேண்டுமே? ஒரே நீலப் புடவை. இடைவேளையில் சாரதா அவிழ்த்துக் கொடுப்பாள், நளினி கட்டிக்கொள்வாள்.

வீட்டில் எல்லோருக்கும் பரம சந்தோஷம். முதல் நாள் மாமாவே வந்து முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். இடைவேளையில் எழுந்து, பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"மீதியைப் பார்க்கலையா மாமா?" என்று மறுநாள் கேட்டேன்.

"மீதியிலேதான் நம்ம பொண்ணு இல்லையேடா!"

போன சனிக்கிழமை கடைசிக் காட்சி. நாடகத்துக்கும் கடைசி, அவளுக்கும் கடைசி. முதல் பாதியில் அவள் புருஷன் சண்டை போட்டுவிட்டு வெளியே போகிறான். அவள் கதவைச் சாத்தாமல் அப்படியே நிற்கிறாள். வசனம் இல்லை. நிற்கிறாள், அவ்வளவுதான். ஹாலில் ஒருவர்கூட இருமவில்லை! மணி அடித்தது.

நான் பின்பக்கம் ஓடினேன். ரூமில் நளினி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு நீயே முடி. வசனம் பூரா உனக்குத் தெரியும். புடவையைக் கழற்றாதே" என்று ஹிந்தியில் சொல்கிறாள். டைரக்டர் கதவருகில் நின்று, சரி என்று தலையை ஆட்டுகிறார். நளினிக்கு எவ்வளவு பெரிய மனசு, பாருங்கள்! அவளுக்கும் அது கடைசிக் காட்சிதானே?

சாரதா என்னைப் பார்த்தாள். "அப்பா நிப்பாரேடா..."

"நான் போய்ச் சொல்றேன்."

"கோச்சுண்டார்னா?"

"என்னைத்தானே கோச்சுப்பார்? நீ பண்ணு!"

ஓடினேன். போரிபந்தர் ஸ்டேஷனில் கிளம்பிக்கொண்டிருந்த ஸ்லோ வண்டியில் தாவி ஏறினேன். அவள் வழக்கமாக வருகிற வண்டிக்கு முந்தின வண்டி. பைகுல்லா, பரேல், தாதர்... கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் நடிக்கப்போகிற மாதிரி எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்நேரம் திரை தூக்கியிருப்பார்கள்... இந்நேரம் அவள் பேச ஆரம்பித்திருப்பாள்...

மாமா எடை பார்க்கிற மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முந்தின வண்டிக்கே வந்து நிற்கிறவர்!

"நீ எங்கேடா இங்கே? அவ எங்கே?"

மூச்சு வாங்கச் சொன்னேன். மாமாவின் முகம் இறுகிவிட்டது.

"யாரைக் கேட்டுண்டு அங்கே இருந்தா?"

அவர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் ஒரு வண்டி வந்து நின்று போயிற்று. அப்புறம் வேறு குரலில் கேட்டார்.

"கடைசி வரைக்கும் வர பார்ட்டாடா?"

"ஆமாம் மாமா. கடைசி வரைக்கும்."

"நிறைய அழணுமோ?"

"ஒரு இடத்திலே."

"புருஷன் திரும்பி வந்து கதவைத் தட்டறப்போவா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்தான் இரண்டாம் பாதியே பார்க்கவில்லையே!

"அடுப்பங்கரையிலே நின்னுண்டு தனியா பண்ணிப் பார்ப்பாடா," என்றார் மாமா. "நாங்க தூங்கிட்டோம்னு நினைச்சுண்டு. எனக்கு ஹிந்தி அரைகுறை. ஆனா... நன்னாப் பண்ணுவா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்போ முடியும்?"

"பத்தரை ஆகும்."

"ஆகட்டும். நீ போய் மாமிகிட்டச் சொல்லிடு, சாப்பிட்டுடச் சொல்லு. நான் இங்கேயே இருக்கேன். ஒரு நாள்தானே!"

சிரித்தார். நம்புவீர்களா? நானும் சிரித்தேன். இவ்வளவுதானா விஷயம்? இரண்டு வருஷமாக யாராவது இந்த மனிதரை இப்படி நேரில் வந்து கேட்டிருந்தால்...?

அப்போது அடுத்த வண்டி வந்தது. சாரதா வழக்கமாக வருகிற வண்டி. அவள் வரமாட்டாள் என்று தெரிந்தும் மாமாவின் கண் லேடீஸ் டப்பாவுக்குப் போயிற்று. என் கண்ணும்.

சாரதா இறங்கினாள்.

தன் சொந்தப் புடவையில் இருந்தாள். முகத்தை அவசரமாகத் துடைத்திருக்கிறாள், காதோரம் பவுடர் அப்படியே இருந்தது.

"ஏம்மா?" என்றார் மாமா. "ஏன் வந்துட்டே?"

"நேரமாச்சேப்பா."

"கோபி சொல்லிட்டான்மா. நான் சரின்னுட்டேன். இருந்திருக்கலாமே!"

அவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். ரயில் கிளம்பிப் போன பிறகுதான் பேசினாள்.

"நளினி வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. ரெண்டாவது மணி அடிச்சுது... கை அதுபாட்டுக்குப் புடவையை அவுத்து மடிக்க ஆரம்பிச்சுடுத்து. நான் மடிச்சு முடிச்சப்புறம்தான் பார்த்தேன்."

மாமா அவள் பையை வாங்கிக்கொண்டார். ஸ்டேஷனிலிருந்து வீடு நடக்கிற தூரம்தான். வழியெல்லாம், "இருந்திருக்கலாமேம்மா..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் ஒவ்வொரு தடவையும், "பரவாயில்லேப்பா" என்றாள். மூன்றாவது மாடிக்கு ஏறும்போதும் அவர் விடவில்லை. என் வீட்டு வாசலில் நான் நின்றுகொண்டேன். மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "வந்துட்டியா? சாதம் ஆறிப்போறது" என்றாள் மாமி.

வருகிற ஜூனில் உங்கள் வீட்டிலும் ஒரு பெண்ணோ பையனோ ஏதாவது படிக்கக் கிளம்பலாம். பக்கத்தில் சேர்ப்பதா, தூரத்தில் சேர்ப்பதா என்று ரயில்வே கைடைப் புரட்டுவீர்கள். புரட்டுங்கள். நான் புத்தி சொல்கிறவன் இல்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டு வருஷம் எட்டு மணிக்கு வரச் சொல்லிப் பாருங்கள் - அப்புறம் நீங்களே வேண்டாமென்றாலும் வந்துவிடுவார்கள்.