ஜௌபர் தலைவரின் மகளிர் கணினிச் சங்கம்

"நம்மட கற்பிட்டியில கம்பியூட்டர் விசயத்துல ஆம்புள பொம்புள வித்தியாசம் மவுத்தாப் போச்சு. குழி வெட்டி அடக்கினவனே நான்தான்!" என்று மேடையில் முழங்கினார், மகளிர் கணினிச் சங்கத்தின் தலைவர் ஜௌபர். மகளிர் சங்கத்துக்கு ஆண் தலைவரா என்று கேட்குமளவுக்கு அங்கே யாரும் மரியாதை கெட்டவர்கள் அல்லர்.

சங்கத்துக்கு வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. பெண்களின் நம்பர் ஊரெல்லாம் போகலாமா? ஆகவே அவர்களைப் பெற்ற வாப்பாமாரின் நம்பர்களையும் கட்டிய மாப்பிள்ளைமாரின் நம்பர்களையுமே தலைவர் அதில் சேர்த்தார். அவர்களும் மகளிர் முன்னேற்றத்தை மும்முரமாக ஆராய்ந்தார்கள். இடைக்கிடை இறால் விலையையும் கதைத்தார்கள்.

கணினி டிப்ளோமா முடித்த தலைவரின் மகள் றுஷ்னா, புத்தளத்தில் கணினி ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்தபோதும் வாப்பாவின் நம்பரைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் அழைப்பு வந்தது. றுஷ்னா குசினி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"எனக்குத்தான் வாப்பா. ஃபோனத் தாங்க."

"பொறு மகள், யாரெண்டு பாப்பம்."

வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை றுஷ்னாவால் வர முடியுமா என்று மறுமுனையில் ஒரு பெண் கேட்டாள். தலைவர், மகள் நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, மேடைக் குரலை வீட்டுக்கு அளவாகச் சுருக்கிக்கொண்டார்.

"அவவுக்கு விருப்பமில்லயாம், தங்கச்சி."