நசுங்காத மூக்கு

என் அம்மாவின் தம்பி வீராசாமி ஓரிக்கையில் டிங்கர் ஷெட் வைத்திருக்கிறார். மாகறலில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. அதில் முதலில் சொந்தத் தொழில் தொடங்கியவர் அவர். முதலில் இன்ஜினியரிங் முடித்தவன் நான்.

இடித்துக்கொண்டு வரும் கார்களில், பம்பருக்குப் பின்னால் இரண்டு மெல்லிய குழாய்கள் நசுங்கியிருக்கும். மாமா அவற்றை அறுத்து எறிந்துவிட்டு, கனமான தண்ணீர்க் குழாயை வைத்து வெல்டு அடிப்பார். "கம்பெனிக்காரன் தகரத்த வச்சு ஏமாத்துறான்பா. நாம அப்படிச் செய்யக் கூடாது" என்பார். மகள் பிரவீனாவின் பழைய காருக்கு மட்டும் பாசத்தில், ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாய்.

போன மாதம், டாக்ஸி ஓட்டும் இளவரசனின் கார் கூரம் பக்கம் மதகுச் சுவரில் மோதியது. காரில் பெயிண்ட் மட்டும் உரிந்திருந்தது. இளவரசன் விலாவும் தொடையும் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஷெட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மாமா அந்தக் காரைக் காட்டினார். "பாரு, மூக்கு அப்படியே இருக்குது. என் பைப் இல்லன்னா ஆளே மிஞ்சியிருக்க மாட்டான்."

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கார் தொழிற்சாலையின் குடும்ப நாளுக்கு அவரை அழைத்துப்போனேன். எங்கள் பிரிவில், தண்டவாளத்தில் சறுக்கி வந்து சுவரில் மோதும் சிறு வண்டி ஒன்று உண்டு. முன்னால் மெல்லிய குழாய். இருக்கையில் பெல்ட் போட்ட ஒரு முட்டை.

"முட்ட உடைக்கவா படிச்ச? உங்க அத்த சமையக்கட்டுல தெனம் உடைக்கிறாளே."

வண்டி மோதியது. குழாய், புடவைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக மடிந்து பாதியானது. முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்து கனமான குழாயை மாட்டினோம்.

"இப்ப பாருங்க," என்றார் மாமா, பக்கத்தில் நின்றவரிடம்.

டங் என்று ஒரே சத்தம். குழாயில் கீறல்கூட இல்லை. மஞ்சள் கரு பெல்ட் வழியாக வழிந்தது.

மாமா தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு வாட்டி உடு."

விட்டோம். அந்த முட்டையும் உடைந்தது.

"மடியிற குழாய் இடிய அதுவே வாங்கிக்குது மாமா. மடியலன்னா..."

"உள்ள இருக்கிறவனுக்குப் போவுது." மாமாவே முடித்தார். "இளவரசன் நெஞ்சுல நான்தான்பா அடிச்சிருக்கேன்."

பிறகுதான் மகள் நினைவு வந்தது. போனை என்னிடம் நீட்டினார். "பிரவீனாவுக்குப் போடு." நான் போட்டுக் கொடுத்தேன்.

"எங்கமா இருக்க?"

"வாலாஜாபாத் டீக்கடையில நின்னுக்கினு இருக்கேன்பா. கொழந்த தண்ணி கேட்டான்."

"வண்டிய அங்கயே உட்டுட்டு பஸ்ல வா."

"ஏம்பா? வண்டி நல்லாதானே இருக்குது?"

"நல்லாதாம்மா இருக்குது. அதான் ஏறாதன்றேன்."

என் பைக்கில் வாலாஜாபாத் போய், பிரவீனாவையும் குழந்தையையும் பஸ் ஏற்றிவிட்டோம். அந்தக் காரில் மாமா என்னை ஏறவிடவில்லை. தனியாக, ஓரமாக, நடக்கிற வேகத்தில் ஷெட்டுக்கு ஓட்டிவந்தார். நான் பின்னால் பைக்கில் வந்தேன். வந்ததும் இரட்டைக் குழாயை அறுத்துப் போட்டார். அருகில் இளவரசனின் கார், மூக்கு நசுங்காமல் நின்றது. அதன் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவலாம், வா."

"அவர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"உசுரக் காப்பாத்துனேன்னு எனக்குக் கும்பிடு போட்டுக்கினு கெடக்கிறான்பா அவன்," என்றார். "அத மொதல்ல நிறுத்தணும்."