புஷ்பலதா மிஸ்ஸின் பன்னிரண்டாம் பக்கம்

கணவர் தேவானந்தம் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் மயங்கி விழுந்து இறந்தது 2007 மார்ச்சில். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மறு திங்கட்கிழமையே புஷ்பலதா பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். சேலையூரில் இருந்த அந்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் அவளுக்கு அது இருபத்தோராவது வருஷம். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஆங்கிலம்.

ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் வேதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மனசுலயே வச்சுக்காதீங்க புஷ்பா. ஒரு தடவ நல்லா அழுதுடுங்க."

"வரல வேதா."

"வரலன்னா?"

"வரல, அவ்ளோதான். உங்க சிவப்புப் பேனா குடுங்க, என்னோடது தீந்துடுச்சு."

அவள் திடமானவள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. காலையில் மகள் விஷ்ணுப்ரியாவுக்கு டிபன் கட்டுவாள். ஆறே முக்காலுக்கு சிறுசேரி கம்பெனியின் கேப் வந்து ஹாரன் அடிக்கும். மகள் போனதும் குக்கரை இறக்கி, குளித்து, கேம்ப் ரோடு வரை நடந்து பள்ளிக்குப் போவாள். சாயந்திரம் திரும்பி வருவாள். சாப்பாட்டில் உப்பு போட்டோமா என்று மட்டும் அடிக்கடி சந்தேகம் வரும். ருசித்துப் பார்த்தாலும் தெரியாது. மகள் சாப்பிடும்போது முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

ஜூலையில் பிரின்சிபால் கஸ்தூரிரங்கன் ஒரு திட்டத்தோடு வந்தார். கோடை விடுமுறையில் ஏதோ பயிலரங்குக்குப் போய்வந்தவர். ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் பாடத்தில் இல்லாத ஓர் ஆங்கிலக் கதைப்புத்தகத்தைத் தானே தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நோட்டில் பக்க எண்ணும் நாலு வரியும் எழுதிக் காட்ட வேண்டும். கடைசியில் ஒரு சனிக்கிழமை, பெற்றோர் முன்னால் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேச வேண்டும்.

"நீங்களும் ஒரு புக் படிக்கணும் மேடம். பசங்க நம்மளப் பாத்துதான் கத்துப்பாங்க. யாரு எந்தப் பக்கம் வரைக்கும் படிச்சாங்கன்னு கிளாஸ்ல சார்ட் ஒட்டுங்க. உங்க பேரு முதல்ல. அந்த சனிக்கிழமையும் நீங்கதான் முதல்ல பேசணும்."

"சரி சார்."

லைப்ரரி பீரோவில் கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்தாள். ஒரு மலையூரில் தபால் கொண்டுபோகும் பெண், அவளுடைய கோவேறு கழுதை ஒருநாள் காணாமல் போகிறது. முதல் வாரம் பன்னிரண்டு பக்கம் படித்தாள். படித்தாள் என்றால், கண் வரிகளின்மேல் போயிற்று. பன்னிரண்டாம் பக்கத்தின் அடிக்கு வந்ததும் மேலே என்ன இருந்தது என்று தெரியவில்லை. திரும்பப் படித்தாள். அப்போதும் தெரியவில்லை. புத்தகத்தை வகுப்பறை அலமாரியில் வைத்தாள். பிறகு எடுக்கவில்லை.

சார்ட்டை மட்டும் நிறுத்த முடியாது. நாற்பத்திரண்டு பேரும் அவளுடைய கட்டத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் 30 என்று எழுதினாள். மூன்றாம் வாரம் 48. அந்தக் கணக்கிலேயே வாரம் பதினெட்டுப் பக்கம் ஏற்றிக்கொண்டு போனாள். பிள்ளைகளின் நோட்டுகளும் அப்படித்தான். கட்டாக வரும், திறந்து, கடைசி வரிக்குக் கீழே சிவப்பில் ஒரு டிக், 'குட், கீப் இட் அப்', தேதி, கையெழுத்து. நாற்பத்திரண்டு நோட்டு இருபது நிமிஷம். இருபத்தோரு வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போட்டது.

பத்தாவது வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் 174 என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது சார்ட்டில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். அவளுடைய கட்டத்தில் யாரோ வைட்னர் பூசி, காய்ந்தபின் அதன்மேல் 166 என்று எழுதியிருந்தார்கள். வகுப்பு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. முன் பெஞ்சு ஷ்யாம்சுந்தர் மேஜையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து யாரோ அவன் முதுகில் ஸ்கேலால் குத்தினார்கள்.

அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். 168.

மொத்தமே நூற்று அறுபத்தெட்டுப் பக்கம் இருக்கிற புத்தகத்தில் அவள் நூற்று எழுபத்து நாலு பக்கம் படித்திருக்கிறாள். வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. வெட்கம் வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. "பாடப்புத்தகம் எடுங்க, எண்பத்தி மூணு" என்றாள்.

யார் திருத்தியது என்று விசாரிக்கத் தேவையில்லை. ஆறு என்ற எண்ணின் வாலைத் தூண்டில் மாதிரி வளைத்துப் போடுகிறவள் அந்த வகுப்பில் ஒருத்திதான். கடைசி பெஞ்சு ஷர்மிளா. மேடவாக்கத்தில் தண்ணி லாரி ஓட்டுகிறவருடைய மகள். வாய் ஓயாது. ஆனால் அலமாரியில் இருக்கிற புத்தகத்துக்கு எத்தனை பக்கம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மத்தியானம் ஷர்மிளாவின் நோட்டைத் தேடி எடுத்து முதன்முறையாகப் படித்தாள். முதல் மூன்று வாரம் ஏதோ மெல்லிய பேய்க்கதை, முடிந்துவிட்டது. நாலாவது வாரம், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில்: 'என் புத்தகம் தீர்ந்துவிட்டது. மிஸ்ஸுடைய புத்தகம் அலமாரியில் சும்மாவே இருக்கிறது. லஞ்ச் நேரத்தில் எடுத்துப் படிக்கலாமா மிஸ்?' அதற்குக் கீழே சிவப்பில் டிக். 'குட், கீப் இட் அப்.' தேதி. கையெழுத்து அவளுடையதுதான்.

நோட்டின் அடுத்தடுத்த வாரங்களில் கழுதையைத் தேடி அந்தப் பெண் மலையேறிக்கொண்டிருந்தாள். எட்டாவது வாரத்தில் ஒரு வரி தனியாக இருந்தது: 'மிஸ், நீங்கள் 120 என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் வருகிற பாலத்தை எப்படித் தாண்டினாள் என்று எனக்குப் புரியவில்லை. சொல்லுங்கள்.' அதற்கும் 'குட்'.

புஷ்பலதா நோட்டை மூடி மற்ற நோட்டுகளோடு வைத்தாள். பெற்றோர் முன்னால் பேச வேண்டிய சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை வரை தினம் சாயந்திரம் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. பின்னட்டையில் கதைச் சுருக்கம் இருந்தது. அதை வைத்தே மூன்று நிமிஷம் பேசிவிடலாம். அல்லது ஷர்மிளாவின் நோட்டிலிருந்து பேசலாம். இரண்டும் அவளால் முடியும். அதை நினைக்கத்தான் அலுப்பாக இருந்தது.

சனிக்கிழமை ஹாலில் அறுபது எழுபது பெற்றோர். கஸ்தூரிரங்கன் சார்ட்டைக் கழற்றிக் கொண்டுவந்து மேடைக்குப் பின்னால் ஒட்டியிருந்தார். வைட்னரை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"எங்க டீச்சரே புக்க கிட்டத்தட்ட முடிச்சுட்டாங்க, பாருங்க! வாங்க மேடம்."

புஷ்பலதா மைக் முன்னால் நின்றாள்.

"அந்த சார்ட்ல போட்டிருக்கறது பொய். நான் பன்னெண்டு பக்கம்தான் படிச்சேன். மீதி நானா எழுதினது."

கஸ்தூரிரங்கன் பெரிதாகச் சிரித்தார். "மேடம் பசங்க பயத்தப் போக்கறதுக்காகத் தமாஷ் பண்றாங்க." பெற்றோரும் சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். ஒன்பதாம் வகுப்பில் மட்டும் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவள் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. ஒன்றும் ஆகவில்லை.

இருபத்தெட்டாவதாக ஷர்மிளா வந்தாள். கையில் எதுவும் இல்லை. தபால்காரியையும் கழுதையையும் பற்றிப் பேசினாள். ஆங்கிலம் தடுக்கி விழுந்து எழுந்து போயிற்று. பனிக்காற்று, பாலம், வழியில் ஒரு குருட்டுக் கிழவர் தன் காதில் விழுந்ததாகச் சொன்ன கழுதை மணிச் சத்தம். புஷ்பலதா கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த வார்த்தை தவறு என்று மனசில் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது சற்று நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. மணிச்சத்தம் வந்த திசையில் அந்தப் பெண் திரும்பினாள் என்ற இடத்தில் ஷர்மிளா "தேங்க் யூ" சொல்லி இறங்கிவிட்டாள்.

எல்லாம் முடிந்து, பள்ளி கேட்டருகே லாரியில் வந்திருந்த அப்பாவிடம் போய்க்கொண்டிருந்தவளைப் புஷ்பலதா கூப்பிட்டாள்.

"ஷர்மிளா."

"மிஸ், சாரி மிஸ். வைட்னர் ஷ்யாமோடது. நீங்க புக்குல இல்லாத பக்கத்தப் போட்டுட்டீங்கன்னு அவன் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி ஓட்டிகினு இருந்தான் மிஸ், அதான்..."

"அது இருக்கட்டும். கழுதை கிடைச்சுதா?"

ஷர்மிளா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதெல்லாம் சொல்லமாட்டேன் மிஸ். நான் பாலத்தப் பத்திக் கேட்டப்போ நீங்க சொன்னீங்களா?"

"இல்ல."

"படிங்க. இன்னும் நூத்தி அம்பத்தாறு பக்கம்தான் கீது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இருக்கு மிஸ்."

லாரி ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டில் மாவு அரைக்கிற வேலை இருந்தது. ஞாயிறு முழுக்க மகள் தூங்கினாள். புஷ்பலதா ரேஷன் கடைக்குப் போய்வந்தாள். புத்தகம் கைப்பையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை சார்ட்டை ஹாலிலிருந்து எடுத்துவந்து வகுப்பில் மறுபடியும் ஒட்டினாள். புராஜெக்ட் முடிந்துவிட்டது, அது இனித் தேவையில்லை என்று ஷ்யாம்சுந்தர் சொன்னான். அவள் தன் வரிசையில் இருந்த எண்களையெல்லாம், வைட்னர் கட்டம் உட்பட, ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு ஓரத்தில் 12 என்று எழுதினாள். தேதி போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதன் கீழே 15 என்று எழுதினாள். கடைசி பெஞ்சிலிருந்து, "மூணு பக்கமா? இன்னா மிஸ்!" என்று குரல் வந்தது.

"உக்காரு" என்றாள் புஷ்பலதா.